பயறு வண்டு புது விதைக்கு மாறுவது எப்படி?

வண்டு விழுந்த பாசிப்பயற்றில் ஒரு மணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல்தோலில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, பசை தடவி ஒட்டியதுபோல ஒரு முட்டை இருக்கும். கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் அது இன்னும் பொரியவில்லை, அல்லது பொரியவே போவதில்லை. பால் வெள்ளையாக இருந்தால் புழு உள்ளே போய்விட்டது. இந்தப் புழு முட்டையோட்டை விட்டு வெளியே தலைகாட்டுவதே இல்லை. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து, விதையுறையையும் துளைத்து, நேராக உள்ளே இறங்குகிறது. குடைந்த தூளையெல்லாம் பின்னால் காலி ஓட்டுக்குள் தள்ளி அடைக்கிறது. நாம் பார்க்கும் வெள்ளை அந்தத் தூள்தான்.

இறங்கிய பிறகு வேறு விதைக்கு மாற வழியில்லை. புழுவாக வளர்வதும் கூட்டுப்புழுவாவதும் அந்த ஒரே மணிக்குள்தான். தோலுக்கு அடியில் வட்டமாக ஒரு மெல்லிய சன்னலை மட்டும் விட்டுவைத்து, கடைசியில் அதைத் தள்ளிக்கொண்டு முழு வண்டாக வெளியே வருகிறது. சேமிப்பில் வாழும் முதிர்ந்த வண்டுக்குத் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒன்றிரண்டு வார வாழ்வுக்கும், பெண் வண்டு இடும் எண்பது நூறு முட்டைகளுக்கும் வேண்டிய சத்து முழுவதும் அந்த மணியில் தின்றதுதான். ஆகவே, தாய் எந்த விதையில் முட்டையை ஒட்டுகிறதோ அதுவே பிள்ளையின் விதி.

உலகெங்கும் பரவியுள்ள பயறு வண்டான கலோசோபுரூக்கஸ் மாக்குலேட்டஸுக்குப் பிடித்தவை தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து போன்ற விக்னா இனத்துப் பயறுகள். மசூர் பயறு அதற்கு ஆகாது. விதை என்பது செடி தன் கன்றுக்குக் கட்டிக்கொடுக்கும் கட்டுச்சோறு. காவல் இல்லாமல் அதை விட்டுவைக்காது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியை முடக்கும் புரதம், புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை முடக்கும் புரதம், குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின் என்று பயறு வகைகள் பல பூட்டுகளை வைத்திருக்கின்றன. பூட்டைத் திறக்கத் தெரியாத புழு, வயிறு நிறையத் தின்றும் பட்டினியால் சாகும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் மெசினா குழுவினர் செய்த சோதனை இங்கேதான் வருகிறது. தென்னிந்தியாவில் பயற்றிலிருந்து சேகரித்து, பல ஆண்டுகள் பாசிப்பயற்றிலேயே வளர்த்த வண்டுகளில் ஆயிரக்கணக்கானவற்றை அவர்கள் மசூரில் விட்டார்கள். முதல் தலைமுறையில் நூறு புழுக்களில் ஒன்றோ இரண்டோதான் பிழைத்தன. சில முயற்சிகளில் வண்டுக்கூட்டமே அடியோடு அழிந்தது. தப்பிய கூட்டங்களிலோ, 20 தலைமுறைகளுக்குள் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கத் தொடங்கின. வெதுவெதுப்பான இடத்தில் இந்த வண்டுக்கு ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதம். அப்படியானால் இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை!

‘வண்டு மசூருக்குப் பழகிவிட்டது’ என்று நாம் சொல்வோம். ஆனால் எந்தத் தனி வண்டும் பழகவில்லை. மசூரைத் தாங்கும் மரபணு வடிவங்கள் பழைய கூட்டத்திலேயே அங்கங்கே அரிதாகக் கிடந்தன. பாசிப்பயற்றில் அவற்றுக்கு வேலை இல்லை. மசூரில் மற்றவை மாண்டபோது அவை மட்டும் மிஞ்சின, அடுத்த தலைமுறைக்குப் போயின. ஒரே ஒரு மரபணு இதைச் செய்யவில்லை. மரபணுத்தொகுதியின் பல இடங்களில் ஒரே சமயத்தில் மாற்றம் நடந்ததைப் பின்னர் ஆராய்ந்து கண்டார்கள். புழு மாறியதோடு தாயும் மாறியது: தொடக்கத்தில் மசூரில் முட்டையிடத் தயங்கிய இனத்தில், பிந்தைய தலைமுறைப் பெண் வண்டுகள் தாராளமாக இட்டன.

இந்த வெற்றிக்கு விலையும் உண்டு. மசூருக்கு மாறிய வண்டுகளை மீண்டும் பாசிப்பயற்றில் பல தலைமுறை வளர்த்தபோது, மசூரில் பிழைக்கும் திறன் குறைந்தது. ஒரு விதையில் கைகொடுக்கும் மரபணு வடிவம் இன்னொன்றில் சுமையாகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம்.

குடலுக்குள்ளும் கொஞ்சம் இடம்கொடுக்கும் தன்மை இருக்கிறது. சோயாவிலிருந்து எடுத்த ஒரு தடுப்புப் புரதத்தைத் தீனியில் கலந்தால், இந்த வண்டின் புழு தன் செரிமான நொதிகளின் கலவையையே மாற்றுகிறது. தடைபடாத நொதிகளைக் கூட்டுகிறது, தடுப்பானையே அறுக்கும் நொதியையும் சுரக்கிறது. பீன்ஸ் விதையைத் தாக்கும் சாப்ரோட்டஸ் வண்டு இதில் இன்னும் கெட்டிக்காரன்: பயறு வண்டைத் தடுத்து நிறுத்தும் பீன்ஸின் அமைலேஸ் தடுப்பான் அதனிடம் செல்லாது.

வண்டு தாக்காத பயறு ரகம் தேடுவோர் ஒரு தலைமுறையை மட்டும் சோதித்து, ‘98 சதவீதம் செத்துவிட்டது, ரகம் பாதுகாப்பானது’ என்று எழுதிவிடலாம். என் கண் போவது மீதி இரண்டின் மேல்தான். அவற்றைப் பிடித்து அதே ரகத்தில் மறுபடி முட்டையிட விட்டு, பத்து இருபது தலைமுறை எண்ணிப் பார்த்த பிறகே அந்த ரகத்தின் பூட்டு எவ்வளவு உறுதி என்று சொல்ல முடியும்.