கையெழுத்தால் சட்டம் கேட்கலாம், தலைவரை நீக்கலாம்: ஜப்பானின் நேரடிக் கோரிக்கை முறை

ஜப்பானில் ஒரு நகரின் வாக்காளர்களில் 50-ல் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால், அந்நகருக்கென ஒரு சட்டத்தைப் புதிதாக இயற்றவோ, இருப்பதைத் திருத்தவோ, அடியோடு நீக்கவோ கோரலாம். அதே நகரின் தலைவரைப் பதவியிலிருந்து இறக்க வேண்டுமானால் 3-ல் ஒரு பங்கினரின் கையெழுத்து தேவை. இவ்வுரிமைகளை வழங்கும் உள்ளாட்சித் தன்னாட்சிச் சட்டம், அந்நாட்டின் இன்றைய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1947 மே 3 அன்றே நடைமுறைக்கு வந்தது. நகரங்கள், ஊர்கள், மாகாணங்கள் ஆகிய அனைத்துக்கும் அது பொருந்தும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சட்டம் கேட்பது எளிதென்றும் தலைவரை நீக்குவது அரிதென்றும் தோன்றும். ஆனால் கையெழுத்துகள் சேர்ந்த பிறகு முடிவெடுப்பது யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது.

முதலில் சட்டக் கோரிக்கையின் வழிமுறையைப் பார்ப்போம். கோரிக்கையை முன்னெடுப்பவர் சட்ட வரைவை இணைத்து, நகரத் தலைவரிடமோ மாகாண ஆளுநரிடமோ விண்ணப்பித்து, தாம் கோரிக்கையின் பிரதிநிதி என்பதற்கான சான்றிதழைப் பெற வேண்டும். அதன் பிறகு நகரம் அல்லது ஊர் என்றால் ஒரு மாதத்துக்குள்ளும், மாகாணம் அல்லது அரசு தனியே குறித்துள்ள பெருநகரம் என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும் கையெழுத்துகளைச் சேர்த்து முடிக்க வேண்டும். பிரதிநிதி வேறு ஆட்களையும் கையெழுத்துச் சேகரிக்க அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவர்களும் அவ்வூர் வாக்காளர்களாக இருக்க வேண்டும். சேர்ந்த தாள்களைத் தேர்தல் ஆணையம் 20 நாட்களுக்குள் வாக்காளர் பட்டியலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கும். பின்னர் அவை 7 நாட்கள் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும். ஒரு கையெழுத்து செல்லும் அல்லது செல்லாது என்ற முடிவை எதிர்ப்பவர்கள் அந்த 7 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கோரிக்கை முறைப்படி ஏற்கப்பட்ட 20 நாட்களுக்குள் தலைவர், மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் கொண்ட உள்ளாட்சி மன்றத்தைக் கூட்டி, தம் கருத்தையும் இணைத்து வரைவை முன்வைக்க வேண்டும். மக்களின் கையிலிருந்து காரியம் நழுவுவது இந்த இடத்தில்தான், ஏனெனில் வரைவை ஏற்பதும் நிராகரிப்பதும் முழுக்க மன்றத்தின் விருப்பம். அணுமின் நிலையங்களை இயக்குவது குறித்துப் பொது வாக்கெடுப்பு நடத்த ஒரு சட்டம் வேண்டும் என்று டோக்கியோவில் செல்லத்தக்க 3,23,000 கையெழுத்துகள் சேர்ந்தன. தேவையோ சுமார் 2,14,000 மட்டுமே. ஆளுநர் எதிர்ப்புத் தெரிவித்தார். 2012 ஜூனில் மாகாண மன்றம் வரைவை நிராகரித்தது. இபராகி மாகாணத்தில் தோகாய் இரண்டாம் அணுமின் நிலையம் தொடர்பாக 2020-ல் எழுந்த இதே போன்ற கோரிக்கையும் மன்றத்தில் தோற்றது.

மாறாக, ஒகினாவா மாகாணத்தில் ஹெனோகோவில் அமெரிக்கப் படைத்தளத்துக்காகக் கடலைத் தூர்ப்பது பற்றிய வாக்கெடுப்புக் கோரிக்கைக்கு 92,848 செல்லத்தக்க கையெழுத்துகள் கிடைத்தன. மாகாண மன்றமும் 2018 அக்டோபரில் அதைச் சட்டமாக்கியது. 2019 பிப்ரவரி 24 அன்று வாக்களித்தவர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேலானோர் தூர்ப்பதை எதிர்த்தனர். ஆயினும் அந்த வாக்கெடுப்பு நடுவண் அரசைக் கட்டுப்படுத்தாது என்பதால் பணி நிற்கவில்லை. உள்ளூர் வரி, கட்டணம் போன்றவற்றைப் பற்றிய சட்டங்களை இம்முறையில் கேட்கவே முடியாது. 1948-ல் செய்த திருத்தம் அவற்றை விலக்கிவிட்டது. மக்கள் பெரிதும் அக்கறை கொள்ளக்கூடிய பொருளையே வெளியில் நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதவி நீக்கத்தில் நிலைமை வேறு. நகரத் தலைவரையோ ஆளுநரையோ மன்ற உறுப்பினரையோ நீக்கவும், மன்றத்தையே கலைக்கவும் கோரலாம். இக்கோரிக்கை தலைவரிடம் செல்லாமல் தேர்தல் ஆணையத்திடம் செல்லும். கையெழுத்துகள் போதுமானவை என்று உறுதியானால் 60 நாட்களுக்குள் வாக்கெடுப்பு நடக்கும். பாதிக்கு மேல் ஆதரவு வாக்குகள் விழுந்தால் பதவி உடனே பறிபோகும். மன்றத்தின் ஒப்புதல் எதுவும் தேவையில்லை. துணைத் தலைவர் முதலான நியமன அலுவலர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களை நீக்கும் முடிவை மன்றமே எடுக்கும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வந்திருந்து, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும்.

பெருநகரங்களில் 3-ல் ஒரு பங்கு என்பது கைக்கு எட்டாத எண்ணாகிவிடும் என்பதால் அளவைத் தளர்த்தியிருக்கிறார்கள். முதல் 4 லட்சம் வாக்காளர்களுக்கு 3-ல் ஒரு பங்கு, அடுத்த 4 லட்சத்துக்கு 6-ல் ஒரு பங்கு, அதற்கு மேற்பட்டோருக்கு 8-ல் ஒரு பங்கு என்று கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். இதில் கடைசிப் படி 2012-ல்தான் சேர்ந்தது. அது வருவதற்கு முன், 2010-ல், நகோயா நகர மன்றத்தைக் கலைக்கக் கோரியவர்கள் 3,65,795 கையெழுத்துகளை ஒரே மாதத்தில் திரட்ட வேண்டியிருந்தது; இன்றைய கணக்கில் சுமார் 3,24,000 போதுமாக இருந்திருக்கும். அவர்கள் 4,65,000-க்கு மேல் கொடுத்தும், முதல் சரிபார்ப்பில் சுமார் 12,000 குறைந்தது. ஆட்சேபங்களை ஆராய்ந்த பிறகே வேண்டிய எண்ணிக்கை நிறைவானது. 2011 பிப்ரவரி 6 வாக்கெடுப்பில் மன்றம் கலைந்தது.

கையெழுத்திடுவோர் அப்பகுதி வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும். அதாவது 18 வயது நிரம்பிய ஜப்பானியக் குடிமக்களாக இருக்க வேண்டும். டோக்கியோவில் பல்லாண்டுகளாகக் குடியிருந்து வரி செலுத்தும் நம்மவர்கள், அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவரை இத்தாளில் கையெழுத்திட இயலாது. பிறர் பெயரில் போலியாகக் கையெழுத்திட்டால் 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் யென் வரை அபராதமோ கிடைக்கும். ஐச்சி மாகாண ஆளுநரை நீக்கக் கோரி 2020-ல் கொடுக்கப்பட்ட சுமார் 4,35,000 கையெழுத்துகள் தேவையான அளவில் பாதிதான். அவற்றிலும் 80 விழுக்காட்டுக்கு மேல் செல்லாதவை என்று கண்டறியப்பட்டு, இயக்கத்தின் செயலாளர் 2021-ல் கைதானார்.

தேர்தல் முடிந்த ஓராண்டுக்குள், போட்டியின்றி வென்றவரைத் தவிர, எவர் மீதும் நீக்கக் கோரிக்கை கொண்டுவர முடியாது. ஒருமுறை வாக்கெடுப்பு நடந்துவிட்டால் அடுத்த ஓராண்டுக்கும் அதே தடை உண்டு. இதன் நோக்கம், தோற்ற அணி மறுநாளே தாளுடன் கிளம்புவதைத் தடுப்பதே. ஆனால் தலைவரை நீக்குவதும் மன்றத்தைக் கலைப்பதும் தனித்தனிக் கோரிக்கைகள் என்பதால், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டும் நடக்கலாம். ககோஷிமா மாகாணத்தின் சிறு நகரான அகுனேயில், மன்றத்தைக் கூட்ட மறுத்துத் தம் ஆணைகளாலேயே ஆட்சி நடத்திய தலைவரை 2010 டிசம்பர் 5 அன்று மக்கள் 398 வாக்கு வித்தியாசத்தில் நீக்கினார்கள். 2011 பிப்ரவரி 20 அன்று அவருடைய ஆதரவாளர்கள் கொண்டுவந்த கோரிக்கையின் பேரில் அம்மன்றத்தையும் கலைத்தார்கள்.