சமுதாயக் கூடத்துச் சாவி யார் கையில்?

கிராம ஊராட்சியில் இருக்கும் சமுதாயக் கூடம் எம்.பி. நிதியில் எழுந்திருக்கலாம், எம்.எல்.ஏ. நிதியில் எழுந்திருக்கலாம், ஊரார் பங்குப் பணம் போட்டும் கட்டியிருக்கலாம். எந்தப் பணமானாலும், வேலை முடிந்து ஊராட்சியிடம் ஒப்படைத்த பின் அது ஊராட்சியின் சொத்து. சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். கல்வெட்டில் பெயர் உள்ளவருக்கோ, இடம் கொடுத்தவரின் பங்காளிகளுக்கோ அதில் தனி உரிமை கிடையாது. கூடத்தை வைத்து வரும் சண்டைகள் பலவும் இந்த ஒன்றை மறப்பதால் வருபவைதான்.

உங்கள் ஊரில் கூடம் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இடம். பணம் அதற்குப் பிறகுதான். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கில் கட்ட முடியாது. கட்டினாலும் நாளை நீதிமன்ற உத்தரவு வந்தால் இடிக்க வேண்டிவரும். குடியிருப்புக்கென ஒதுக்கிய நத்தத்தில் காலியிடம் இருந்தால் நல்லது. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் யாராவது இடம் தர முன்வந்தால் வாய்ச்சொல் போதாது. ஊராட்சி பெயருக்குப் பதிவு செய்த தானப் பத்திரம் வேண்டும், பட்டாவும் மாற வேண்டும். கோயில் நிலத்தில் கட்டினால் கூடம் ஊராட்சியுடையதா கோயிலுடையதா என்ற வழக்கு காலத்துக்கும் ஓடும்; அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இடம் தெளிவானதும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் வழக்கமாகக் கூடுகிறது. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். 'எங்கள் ஊருக்குச் சமுதாயக் கூடம் வேண்டும்' என்று மட்டும் எழுதிய தீர்மானம் ஒன்றிய அலுவலகத்தில் கோப்போடு கோப்பாகத் தூங்கும். சர்வே எண், பரப்பு, எத்தனை குடும்பங்களுக்குப் பயன்படும், பக்கத்தில் வேறு கூடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவற்றைச் சேர்த்து எழுதச் சொல்லி, நகலைக் கையோடு வாங்குங்கள்.

பணத்துக்கு வழிகள் மூன்று நான்கு உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் ஒப்புதல் தரும். அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் என்று வழிகாட்டு நெறி இருக்கிறது; மனுவில் அதைச் சுட்டிக் கேட்கலாம். பராமரிப்பை நாங்கள் ஏற்கிறோம் என்ற உறுதியும் ஊராட்சி முன்கூட்டியே தர வேண்டும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இன்னொரு வழி. ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் கட்டும் சமுதாய நலக்கூடங்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறையும் தாட்கோ எனும் ஆதிதிராவிடர் வீட்டுவசதி மேம்பாட்டுக் கழகமும் இருக்கின்றன.

நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் பங்கு கட்டாயம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பகுதியானால் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 15 லட்ச ரூபாய் வேலைக்கு 5 லட்சம் அல்லது 3 லட்சம். பாதியோ அதற்கு மேலோ ஊரே போட்டால் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம் என்பது இதில் உள்ள பெரிய வசதி. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரிபோல வசூலித்தால், கொடுத்தவர் பெயர்ப் பட்டியலும் ரசீதும் இருக்கட்டும். 'நாங்கள் வரி கொடுத்தோம், நீங்கள் கொடுக்கவில்லை, கூடம் உங்களுக்கு இல்லை' என்று பின்னால் ஒரு பேச்சு வரும். அது செல்லாது. பங்கு கொடுத்தது கூடம் வருவதற்கு. உள்ளே நுழைவதற்கான கட்டணம் அது இல்லை.

பொறியாளர் வரைபடம் போடும்போது பக்கத்தில் இருங்கள். தரையில் உட்கார ஒருவருக்கு 6 முதல் 7 சதுர அடி என்று வைத்தால், 60க்கு 30 அடிக் கூடத்தில் 250 பேர் அமரலாம். ஆனால் பந்திக்கு அந்தக் கணக்கு உதவாது. இலைக்கு 2 அடி அகலம், பரிமாறுகிறவர் நடக்க 3 அடி வழி என்று போட்டால் ஒரு பந்திக்கு 100 பேர் உட்காரவே தனி இடம் தேவை. பணம் பற்றாது என்றால் பின்பக்கம் தகரக் கொட்டகை போட்டுச் சாப்பாட்டை அங்கே மாற்றலாம். சமையலுக்குக் கூடத்தோடு ஒட்டிய அறை வேண்டாம். விறகுப் புகை இரண்டே வருடத்தில் சுவரைக் கரியாக்கிவிடும். தள்ளிக் கட்டுங்கள். 300 பேர் சாப்பிடும் விசேஷத்துக்குச் சமையல், கைகழுவல், பாத்திரம், கழிப்பறை எல்லாம் சேர்த்து 4,000 லிட்டர் தண்ணீராவது ஆகும். ஒரு 1,000 லிட்டர் தொட்டியை மட்டும் மேலே ஏற்றிவிட்டுப் போய்விடுவது பல ஊர்களில் நடக்கிறது. சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருந்தால்தான் சக்கர நாற்காலி ஏறும். செங்குத்தாகப் போட்டால் படத்துக்குத்தான் ஆகும்.

இனி சாவி. கூடம் பாழாவது பெரும்பாலும் கட்டடக் கோளாறால் அல்ல. சாவி ஒரு வீட்டில் இருக்கும், அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் கேட்கமாட்டார். உள்ளே தெருவிளக்குச் சாமான், சிமென்ட் மூட்டை, குப்பை வண்டி என்று சேர்ந்து, பிறகு அதுவே கிட்டங்கியாகிவிடும். இதற்கு மருந்து ஒரு பதிவேடுதான். வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எதற்கெல்லாம் வாடகை இல்லை என்று ஊராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டு அதை வாசலிலேயே எழுதி வைக்க வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் அந்த அதிகாரம் தனி அலுவலரிடம் இருக்கும். கிராம சபை, மகளிர் குழுக் கூட்டம், மருத்துவ முகாம் ஆகியவற்றுக்கு வாடகை வாங்காதது முறை. காதுகுத்து, வளைகாப்பு, கல்யாணத்துக்கு ஒரு தொகை. பதினாறாம் நாள் காரியத்துக்கு விடலாமா என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். காரியத்துக்கு முதல் நாள் கேட்டுவந்து நிற்பவரிடம் அந்த வாதம் நடக்கக் கூடாது.

யார் முதலில் பதிகிறாரோ அவருக்கு. பணம் கட்டினால் ஊராட்சி ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத வாடகை ஊராட்சிக் கணக்கில் சேராது. சாவி கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் மின் மீட்டர் அளவைக் குறித்து, வித்தியாசத்தைத் தனியே வசூலித்தால் மின் கட்டணப் பாக்கியில் இணைப்பு போகாது. சீரியல் லைட்டும் பாட்டுப்பெட்டியும் கூடத்து மின்பளுவைத் தாண்டும். ஜெனரேட்டர் வைக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் கொக்கி போட்டால் அபராதம் வரும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கிக்குத் தடை. வாக்குச்சாவடி, மழை வெள்ள நிவாரண முகாம் என்று அரசுத் தேவை வந்தால் முன்பதிவு ரத்தாகும், பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வரி ரசீதிலேயே இருக்கட்டும்.

வாடகை ஊராட்சிப் பொது நிதியான முதலாம் கணக்கில் சேரும். அதனால் கூடத்துப் பணம் கூடத்துக்கே வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பழுதுபார்க்கத் தனியே தீர்மானம் வேண்டும். மழைக்கு முன் மாடியில் தண்ணீர் வெளியேறும் துளைகளில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்குச் செலவு எதுவுமில்லை. அதைப் பார்க்காமல் விட்டு, கூரை ஒழுகி, கம்பி துருப்பிடித்த பின் ஆகும் செலவு லட்சத்தில் இருக்கும்.

சாதி சொல்லிக் கூடம் மறுக்கப்பட்டால் அது ஊர் வழக்கம் என்ற பேச்சில் அடங்கும் விஷயம் இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்தைத் தீண்டாமை காரணமாக மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர், பழங்குடியினராக இருந்தால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரலாம். வாய்மொழி மறுப்பை நிரூபிப்பது கடினம். எனவே தேதி போட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். ஊராட்சிச் செயலர் வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

மற்ற புகார்களுக்கு முதல் இடம் வட்டார வளர்ச்சி அலுவலர், அதற்கு மேல் மாவட்டத்தில் ஊராட்சிகள் உதவி இயக்குநர். மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரே மனு கொடுக்கலாம், 1100 எண்ணிலும் பதியலாம். வாடகை வரவு எங்கே போயிற்று என்று தெரிய வேண்டுமானால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: எந்த ஆண்டு, எத்தனை முன்பதிவு, ரசீது எண்கள், வரவு வைத்த தேதி. 30 நாளில் பதில் வர வேண்டும். அடுத்த கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து வாடகை என்ற வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள்.