ஃபாண்ட்டுன்னா உருக்கினது, அப்ப எழுத்துருன்னா?

வேலூர் லாங் பஜார் பக்கம் போர்டு எழுதற ஒரு அண்ணன்கிட்ட ஞாயித்துக்கிழமைல எழுத்து கத்துகினு இருக்கேன். மொத நாள் "ண்ணா, இது எந்த ஃபாண்ட்டு?"ன்னு கேட்டேன். "ஃபாண்ட்டெல்லாம் கம்ப்யூட்டர்லபா, இது எழுத்து"ன்னாரு. வேர் தேடிப் பாத்தா மனுஷன் சொன்னது சரிதான்.

ஃபாண்ட்ங்கறது ஃபிரெஞ்சுலேர்ந்து வந்தது, உருக்கி வார்த்ததுன்னு அர்த்தம், அதுக்கும் பின்னாடி லத்தீன்ல ஃபுண்டெரே, ஊத்தறது. ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் மூணையும் உருக்கி ஊத்தி அச்செழுத்து செஞ்ச காலத்துப் பேரு இது. ஒரே டிசைன்னாலும் 10 பாயிண்ட் (பாயிண்ட்டுங்கறது எழுத்தோட அளவு) ஒரு ஃபாண்ட், 12 பாயிண்ட் வேற ஃபாண்ட். டிசைனுக்குப் பேரு டைப்ஃபேஸ். இப்ப ரெண்டையும் எல்லாரும் ஃபாண்ட்டுன்னே சொல்றோம், சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல.

தமிழ்ல எழுத்துரு. வேர வச்சு பேர் வச்சிருந்தா வார்ப்புருன்னு வந்திருக்கும், ஆனா அத டெம்ப்ளேட்டுக்கு எடுத்துகினாங்க. நல்லதுதான், ஏன்னா பழைய தமிழ்ல எழுதறதுன்னா வரையறதும்தான், கண்ணுக்கு மை எழுதறது, ஓவியம் எழுதறதுன்னு இருக்கு இல்ல, அண்ணன் போர்டு 'எழுதறேன்'னு சொல்றதும் அந்த எழுதுதான்.

கூடவே வர்ற இன்னொரு வார்த்தை லெஜிபிலிட்டி. ஒரு எழுத்த இன்னொண்ணா தப்பா பாக்காம கண்டுபுடிக்க முடியுதாங்கறது. எழுத்துத் தெளிவுன்னு சொன்னா போதும். பக்கம் பக்கமா அலுப்பில்லாம படிக்க முடியுதாங்கறது ரீடபிலிட்டி, அது வேற. ராணிப்பேட்டைன்னு எழுதச் சொன்னாரு, எழுதிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தா ர எது கால் எதுன்னு எனக்கே தெரியல, ஒரே மாதிரி ரெண்டு கம்பி. அவரு ர-வுக்கு அடியில சாய்வா ஒரு வால் இழுத்தாரு, தீந்துச்சு. மூணு சுழி ண-வ தடி பிரஷ்ல எழுதினா சுழி அடைச்சுகினு ரெண்டு சுழி மாதிரி ஆயிடுது, அதுக்கு "கோட்ட பாக்காதபா, உள்ள இருக்கற ஓட்டைய பாரு"ன்னாரு.

1978-ல தமிழ்நாடு அரசு 13 எழுத்தோட வடிவத்த மாத்திச்சு, லை-ல இப்ப இருக்கற கொம்புக்குப் பதிலா யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்சிருந்த கோடு போச்சு, ணா-வுல காலுக்குப் பதிலா இருந்த சுழியும் போச்சு. திருவண்ணாமலைல ரெண்டுமே இருக்கு. போன வாரம் கேட்டதுக்கு பழையபடி எழுதிக் குடுத்தாரு, வீட்டுக்கு வந்து ஃபோன்ல இருக்கற ஃபாண்ட்டெல்லாம் பொரட்டிட்டேன், அந்த லை மாட்டல.