ஈறில் ரத்தம் ஏன் கசிகிறது?

சென்னையின் காசிமேட்டிலும் வண்ணாரப்பேட்டையிலும் இன்றும் நம்புகிறார்கள்: பல் மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று. ரத்தம் கசியும் பக்கம் பிரஷ்ஷே படாமல் தேய்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே கெடுதல். ஈறுச் செல்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று பல்லோடு ஒட்டியிருக்கிறது. தோலில் இருப்பதைப்போல் இங்கே செல்கள் நெருங்கி இருப்பதில்லை. அந்த இடைவெளிகளின் வழியாக, நலமான வாயிலும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் ஓயாமல் வெளியே வந்தபடி இருக்கின்றன.

பல் தேய்க்காமல் விட்டால் ஈறோரத்தில் பாக்டீரியாப் படலம் தடிக்கும். அவற்றின் உறைப்பொருள்களை ஈறுச் செல்லிலுள்ள 'டோல்' ஏற்பிகள் கண்டுகொள்கின்றன. உடனே என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் புகுந்து மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல் சுரக்கும் டிஃபென்சின்கள் கிருமிகளின் சவ்வைத் துளைக்கின்றன; இன்டர்லூகின்-8 மேலும் வெள்ளணுக்களை வரவழைக்கிறது. ரத்த நாளங்கள் விரிந்து ஈறு சிவக்கிறது, வீங்குகிறது. ஈறின் உள்பூச்சு மெலிந்துபோவதால் பிரஷ் பட்டதும் ரத்தம் வருகிறது. ஆக, கசிவுக்குக் காரணம் பிரஷ் அல்ல, அங்கே தங்கிவிட்ட அழுக்கு.

1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 12 பேரைப் பல் சுத்தம் செய்வதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி சுத்தம் செய்யத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இந்தக் கட்டம் வரை எல்லாமே மீட்கக்கூடியது.

போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற பாக்டீரியா பெருகினால் கதை மாறுகிறது. அது ஈறுச் செல்லுக்குள்ளேயே புகுந்து, இன்டர்லூகின்-8 விடும் அழைப்பை அடக்கிவிடுகிறது. வெள்ளணுக்கள் வரத் தாமதமாக, சுற்றியுள்ள மற்ற கிருமிகளும் தழைக்கின்றன. அழற்சி மாதக்கணக்கில் நீடித்தால், ஈறின் நார்ச்செல்களும் வெள்ளணுக்களும் வெளியிடும் நொதிகள் பல்லைத் தாங்கும் கொலாஜன் நார்களை அறுக்கின்றன. ரேங்கிள் என்ற புரதம் எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகிறது. கிருமி நேரடியாக எலும்பைத் தின்பதில்லை. கரைப்பவை நம் செல்களே. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தரும் பகுதி இதுதான், ஏனென்றால் வலி பெரும்பாலும் இருக்காது.

பல் ஆடுவது இந்த எலும்பு இழப்பால்தான். காரை, அதாவது பல்லில் படிந்து கல்போல் இறுகிய அழுக்கு, தளர்ந்த பற்களைப் பக்கத்துப் பற்களோடு பிணைத்து வைத்திருக்கும். மருத்துவர் அதை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்தை அடுத்துள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியில் காரை எடுத்துக்கொள்ளலாம். பல் ஆடும்வரை காத்திருக்க வேண்டாம்.

பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் "எனக்கு ரத்தமே வருவதில்லை" என்று நிம்மதி அடையக்கூடாது. புகை, ஈறின் ரத்த நாளங்களின் எதிர்வினையை அமுக்கி, கசிவைக் குறைத்துவிடுகிறது; எலும்பு மட்டும் உள்ளே கரைந்துகொண்டிருக்கும். பழக்கத்தை விட்ட சில வாரங்களில் ஈறில் ரத்தம் தெரிந்தால் பயந்து மறுபடி பற்றவைக்காதீர்கள். நாளங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டன. அப்போதே பல் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.