தக்காளி அடி கருத்தால் மருந்து தேடாதீர்கள்

காரைக்குடி வட்டாரத்தில் தோட்டக்கலைப் பணியில் இருக்கிறேன். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, வீட்டுப் பின்கட்டில் தொட்டிகளில் தக்காளி போட்டிருந்தார். செடி பச்சைப் பசேலென்று இருந்தது. காய்களின் அடியில் மட்டும் கருப்பாகக் குழி விழுந்திருந்தது.

"மூணு மருந்து அடிச்சாச்சு தம்பி, கேக்கல" என்றார்.

"நேத்துத் தண்ணி விட்டீங்களா ஆச்சி?"

"பிள்ளையார்பட்டி போயிட்டேன்ப்பா. இன்னிக்குச் சேத்து ரெண்டு வாளி ஊத்திட்டேன்."

காரணம் அதுதான். இது பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வரும் கோளாறு. அந்தச் சத்து வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள் நீரை வேகமாக ஆவியாக்குவதால் சத்தும் அங்கேயே போகிறது. மண் காய்ந்து நனைந்து மாறி மாறி இருந்தால், காயின் அடிப்பகுதிதான் முதலில் பட்டினி கிடக்கும். மருந்து அடித்து என்ன பயன்? சாப்பிடுகிற காயில் வீணாக விஷம் ஏறுவதுதான் மிச்சம். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

நம் செம்மண் தண்ணீரைச் சீக்கிரம் வடியவிட்டுவிடும். அதனால் மண்ணோடு மட்கிய தொழு உரமும் தென்னை நார்க்கழிவும் கலந்துகொள்ளுங்கள். தொட்டி ஓரடி ஆழமாவது இருக்கட்டும். மேலே காய்ந்த சருகை இரண்டு விரல்கடை மூடாக்காகப் போடுங்கள். காலையில் மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் குறைந்திருந்தால் அளவாக ஊற்றுங்கள். வெளியூர் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும், காய்க் கோளாறு கூடும். முட்டை ஓட்டுத்தூள் போடலாம்தான். ஆனால் அது கரைந்து சத்தாக மாற மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது.

இலை சுருண்டு செடி குறுகி நின்றால் அது வேறு கதை. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது, மருந்தில்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மற்ற செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். சித்திரை வெயிலில் பூ உதிர்வதும் நோயில்லை, சூடு தாங்காமல்தான். மதியத்துக்கு நிழல்வலை கட்டினால் போதும்.

ஆச்சி வீட்டுக்கு வருவோம். கருத்த காய் திரும்பச் சரியாகாது, பறித்துவிடச் சொன்னேன். கடைசியாக மருந்து அடித்து நாலு நாள்கூட ஆகாததால், அவற்றைக் குழம்பில் போட வேண்டாம் என்றும் சொன்னேன். தண்ணீர் முறைப்பட்டபின் பிடித்த பிஞ்சுகள் அடி கருக்காமல் திரண்டன.