ஃபிரேம்: உடற்கட்டா, உடல்வாகா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவன் ஒருவனைப் பார்த்துவிட்டு வந்து, "பையன் இன்னும் ஒல்லிதான், ஆனால் நல்ல ஃபிரேம்" என்பார்கள். இந்த ஃபிரேமைத் தமிழில் எழுத வரும்போது பலருக்கும் முதலில் கைக்கு வருவது 'உடற்கட்டு'. அப்படிப் போட்டால் "பையன் ஒல்லி, ஆனால் நல்ல உடற்கட்டு" என்று ஆகும். படிப்பவர் குழம்பிப் போவார். சொல் எங்கோ தவறியிருக்கிறது.

எங்கே தவறியது என்று பார்க்க ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும், எறியும் ஆட்டம் இது. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர் நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரண்டு ஓரங்களிலும் டேக்கிள். இந்த ஐவரும்தான் அஃபென்சிவ் லைன்மேன்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரணி நெருங்காமல் மறிப்பதும், பந்தோடு ஓடுபவருக்கு வழி திறந்துவிடுவதும் இவர்கள் வேலை. சென்டர் பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுப்பதோடு சரி, மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம்.

பந்தைத் தொடாதவனுக்குக் கணக்கும் கிடையாது. ஓடுபவன் எத்தனை கெஜம் ஓடினான், பிடிப்பவன் எத்தனை பந்து பிடித்தான் என்று சொல்லலாம். முன்வரிசைப் பையனைப் பற்றிச் சொல்ல அப்படி எண்ணிக்கை எதுவும் கையில் இல்லை. வீடியோவைப் பார்க்க வேண்டும், பிறகு ஆளையே நேரில் பார்க்க வேண்டும். இதில் இன்னொரு சிக்கல், அவனுடைய இன்றைய எடை. பெரிய கல்லூரி அணிகளில் முன்வரிசை ஆட்டக்காரர் பெரும்பாலும் 300 பவுண்டை, அதாவது 136 கிலோவை, ஒட்டியோ தாண்டியோ இருப்பார். பதினாறு, பதினேழு வயதுப் பையன் 240 பவுண்டில் நிற்பான். மீதி 60 பவுண்டு, கிட்டத்தட்ட 27 கிலோ, அவன் உடம்பில் ஏற வேண்டும். ஏறிய பிறகும் கால் இதே வேகத்தில் நகர வேண்டும், முழங்கால் மடிய வேண்டும்.

அந்த எடைக்கு அவன் உடம்பில் இடம் இருக்கிறதா என்ற கேள்விக்குத்தான் ஃபிரேம் என்று பெயர். அதனால் பார்ப்பவர்கள் வயிற்றைப் பார்ப்பதில்லை. தோள் எவ்வளவு அகலம், இடுப்பெலும்பு எவ்வளவு விரிவு, மணிக்கட்டும் கணுக்காலும் எவ்வளவு தடிமன், கை எவ்வளவு நீளம் என்று பார்ப்பார்கள். ஓரத்தில் நிற்கும் டேக்கிளுக்குக் கை 33, 34 அங்குலம் இருந்தால் நல்லது என்பார்கள், ஏனென்றால் பாய்ந்து வருபவனை எட்டத்திலேயே நிறுத்த வேண்டும். பெற்றோரின் உயரத்தைக்கூட விசாரிப்பது உண்டு.

ஆங்கிலச் சொல்லின் பழைய வாழ்க்கை அழகானது. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்ரமியன்' என்றால் பயன்படுதல், முன்னேறுதல். பின்னாளில் மரத்தைக் கட்டடத்துக்கு ஆயத்தப்படுத்துவதை அந்த வினை குறித்தது. அப்புறம் தூணும் உத்தரமுமாக நிற்கும் மரக்கூட்டுக்குப் பெயராகி, அங்கிருந்து மனித உடலுக்கு வந்தது. சுவர் எழும்பாத, கூரை வேயாத வீடு. பயிற்சியாளர் அந்தப் பையனைப் பார்ப்பதும் அப்படித்தான்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'சட்டகம்' படத்துக்கும் கண்ணாடிக்கும் பொருந்தும், வளரும் பிள்ளைக்குப் பொருந்தாது. 'யாக்கை' என்ற சொல் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. யாத்தல் என்றால் கட்டுதல், யாக்கை என்றால் கட்டப்பட்டது. மரக்கூட்டின் பொருளுக்கு அவ்வளவு நெருக்கம். ஆனால் யாக்கை என்றதும் தமிழ்க் காதில் அடுத்து விழுவது 'நிலையாமை'. பதினேழு வயதுப் பையனைப் பற்றி எழுதும் இடத்தில் அந்த நிழல் வேண்டாம்.

'உடற்கட்டு' இன்று இருக்கும் தசையைச் சொல்கிறது. பயிற்சி செய்து முடித்தவனுக்கு உரியது. 'உடல்வாகு'தான் நாம் தேடும் சொல் என்று உறுதியாக நினைக்கிறேன். தோள் என்ற பொருளில் வரும் வாகு, வடமொழி பாகுவின் வழி வந்தது. வீரவாகுவில் இருப்பது அது. ஆனால் வாகான இடம், வாகாகப் பிடி என்று பேச்சில் வருகிறதே, அந்தத் தோதைத்தான் உடல்வாகில் நான் கேட்கிறேன். ஒன்றுக்குத் தோதாக அமைந்த உடல். பயன்படுதல் என்ற ஃப்ரமியனின் பழைய பொருளுக்கும் இது பக்கத்தில் வருகிறது.

ஜோ ஸ்டேலியை எடுத்துக்கொள்வோம். சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது பந்து பிடிக்கும் டைட் எண்டாக. அங்கேதான் எடை ஏற்றி டேக்கிள் ஆனார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2007இல் சான் பிரான்சிஸ்கோ அணி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே பல்கலைக்கழகத்தின் எரிக் ஃபிஷர், பள்ளியில் பெரிய அணிகள் தேடி வராத பையன். 2013 டிராஃப்டில் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வானார். உடற்கட்டை மட்டும் பார்த்திருந்தால் இருவரையும் தவறவிட்டிருப்பார்கள். முதல் ஆண்டு ஆட்டங்களில் அதிகம் இறக்காமல் உடம்பைத் தேற்றும் 'ரெட்ஷர்ட்' ஏற்பாடு முன்வரிசைப் பையன்களுக்கு அதிகம் பயன்படுவதும் இதனால்தான்.

ஜோ தாமஸ் இதன் மறுபக்கம். சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு 'ஸ்னாப்'. தொழில்முறை ஆட்டத்தில் தொடர்ந்து 10,363 ஸ்னாப்களுக்கு இடைவிடாமல் களத்தில் நின்ற டேக்கிள் அவர். ஓய்வு பெற்றதும் எடை இறங்கி, ஆளே மாறிப்போனார். உடற்கட்டு போய்விட்டது. அந்த எடையைப் பதினோரு பருவங்கள் சுமந்த உடல்வாகு இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

எதிர்ச்சொல்லும் ஒன்று வேண்டும். பள்ளியிலேயே 310 பவுண்டு, பார்க்க மலைபோல இருப்பான், ஆனால் எலும்பு சிறிது, தோள் குறுகல். அவனை 'மேக்ஸ்டு அவுட்', அதாவது இதற்கு மேல் வளர உடம்பில் இடமில்லாதவன், என்பார்கள். 'வாகு நிரம்பியவன்' என்று எழுதலாம். அந்த ஒல்லிப் பையனைப் பற்றிய வாக்கியத்தை இப்போது "இன்னும் ஒல்லிதான், ஆனால் முந்நூறு பவுண்டைத் தாங்கும் உடல்வாகு" என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் இல்லை.