பவளத்துக்கு முதலில் வேண்டியது தரை

பவளப்பாறை மீட்பைப் பற்றிய பொது உரை எதற்குப் போனாலும் ஒரு படம் கட்டாயம் வரும். முக்குளிப்பவர் ஒருவர் விரல் நீளப் பவளத் துண்டைக் கையில் பிடித்தபடி கடலடியில் குனிந்திருப்பார். உரை முடிந்ததும் கூட்டத்திலிருந்து எழும் முதல் கேள்வியும் அநேகமாக அதைத் தொட்டே இருக்கும்: "இதுவரை எத்தனை நட்டிருக்கிறீர்கள்?" மரம் நடு விழாக்கள் நமக்குப் பழக்கிவிட்ட கேள்வி இது. ஆனால் பவள மீட்பில் இருப்பதிலேயே சுலபமான வேலை நடுவதுதான். நட்டது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அதைச் சுற்றி யார் மேய்கிறார்கள், அடுத்த கோடையில் தண்ணீர் எவ்வளவு சூடாகும் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் அதன் பிழைப்பு.

பவளம் செடியல்ல, விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு கூட்டமாக வாழ்கின்றன. ஒவ்வொரு பாலிப்பும் தன் அடிப்பக்கத் திசு வழியாகக் கடல்நீரிலிருந்து கால்சியத்தை இழுத்து, தனக்குக் கீழே சுண்ணாம்பாகப் படியவைக்கிறது. இந்தக் கட்டுமானத்துக்கு ஏராளமான ஆற்றல் வேண்டும். இரவில் உணர்கொம்புகளை நீட்டிப் பிடிக்கும் மிதவையுயிர்கள் மட்டும் அதற்குப் போதாது. பாலிப்பின் திசுவுக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலில் சர்க்கரை தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுகின்றன. பவளத்தின் நிறம் பெரும்பாலும் இந்தப் பாசிகளின் நிறம்தான். பாறை வளர்க்கும் பவளங்கள் ஆழம் குறைந்த, வெளிச்சம் எட்டும் கடலில் மட்டுமே இருப்பதற்கும் இதுவே காரணம்.

இனி மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள்; அவற்றை ஒட்டிப் பவளப்பாறைகள். 1986-லேயே இது கடல்சார் தேசியப் பூங்கா ஆகிவிட்டது. ஆனாலும் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளக்கல்லை வெட்டி எடுப்பது அதற்கப்புறமும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2005 வாக்கில்தான் வெட்டுவது ஓய்ந்தது. அலையை உடைக்கப் பாறை இல்லாவிட்டால் தீவின் மணல் கரையத் தொடங்கும். பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரண்டு தீவுகள் இப்போது நீர்மட்டத்துக்குக் கீழே கிடக்கின்றன.

வெட்டுவதை நிறுத்தினால் தானாக வளர்ந்துவிடாதா? வளராது, அல்லது மிக மெதுவாக வளரும். பவளக்கல் போன இடத்தில் எஞ்சியது மணலும் உடைசல்களும். பவளத்தின் இளவுயிரி குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். அது ஒட்டிக்கொள்ள அசையாத கெட்டித் தளம் வேண்டும். உருளும் சில்லின்மேல் ஒட்டினால் அடுத்த பெரிய அலையில் குப்புறக் கவிழ்ந்து புதைந்துபோகும். இந்தோனேசியாவின் சுலவேசிப் பக்கம் வெடிவைத்து மீன் பிடித்த இடங்களிலும் இதே சிக்கல்தான். அங்கே மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களை ஒன்றோடொன்று கோத்து உடைசல்களின்மேல் விரித்து, அவற்றில் பவளத் துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில் அந்த இடங்களின் வளர்ச்சி வேகம் அருகிலிருந்த நல்ல பாறைகளுக்கு இணையாகிவிட்டதை 2024-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் செய்துவருவதும் அடிப்படையில் இதைத்தான். சிமென்ட் பலகைகளில் பவளத் துண்டுகளைக் கட்டி, கடலடியில் ஆடாத சட்டங்களின்மேல் பொருத்துகிறார்கள். துண்டு பிழைத்துக்கொண்டால் கட்டிய இடத்தையும் பலகையையும் தன் சுண்ணாம்பாலேயே மூடிவிடும். தூத்துக்குடிக்கு எதிரே அரித்துப்போய்க்கொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால், ஓட்டைகள் வைத்த பெரிய காங்கிரீட் அமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். அலையின் வேகத்தைத் தணிப்பது முதல் நோக்கம். அதோடு அவற்றின்மேல் பவளங்கள் யாரும் நடாமலே வந்து ஒட்டுகின்றன. என் பார்வையில் நட்ட கணக்கை விட இதுதான் பெரிய செய்தி. தரை கிடைத்தால் கடல் மீதி வேலையைத் தானே பார்க்கத் தொடங்குகிறது.

உடைத்து நட்டால் பவளம் ஏன் பிழைக்கிறது? புயலில் உடைந்த கிளை வேறிடத்தில் ஊன்றிப் புதுக் கூட்டமாவது இயற்கையிலேயே உண்டு. மான்கொம்புப் பவளம் போன்ற கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்கு 10 செ.மீ. வரைகூட நீளும். பாறாங்கல் போலத் திரளும் போரைட்டஸ் ஆண்டுக்கு 1 செ.மீ. வளர்ந்தாலே அதிகம். அதனால் உலகெங்கும் மீட்புத் திட்டங்கள் கிளைவிடும் இனங்களையே நாடுகின்றன. படத்திலும் அவை அழகாக இருக்கும். மெதுவாக வளர்பவற்றுக்கு ஒரு வழியை ஃபுளோரிடாவில் கடல் உயிரியலாளர் டேவிட் வான் தற்செயலாகக் கண்டார். தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்ட பவளத்தை இழுத்தபோது அது சிதறியது. மிஞ்சிய நுணுக்குத் துண்டுகள் செத்துப்போகும் என்று நினைத்தால், அவை வழக்கத்தைவிடப் பல மடங்கு வேகத்தில் பரவின. காயம்பட்ட விளிம்பை மூடும் அவசரம் அவற்றுக்கு. ஒரே தாயிலிருந்து வந்த துண்டுகளை அருகருகே ஒட்டினால், ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்தும்விடுகின்றன.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. துண்டுகள் எல்லாமே தாயின் நகல்கள். தாயைக் கொல்லும் வெப்பமோ நோயோ அத்தனையையும் சேர்த்தே கொல்லும். கலப்பு வேண்டுமென்றால் முட்டையும் விந்தும் சேர வேண்டும். பல பவள இனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை, முழுநிலவை ஒட்டிய சில இரவுகளில் அவற்றைக் கூட்டமாக நீரில் விடுகின்றன. இந்தக் கூட்டு இனப்பெருக்கம் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1980-களின் தொடக்கத்தில்தான் அறிவியல் உலகுக்குத் தெரியவந்தது. அதைக் கண்டவர்களில் ஒருவரான பீட்டர் ஹாரிசன் பின்னர் அந்த முட்டை-விந்துப் பொட்டலங்களைக் கடல்மேலிருந்து அள்ளி, மிதக்கும் குளங்களில் இளவுயிரிகளாக வளர்த்து, பாழடைந்த பாறைகளின்மேல் விடும் முறையை உருவாக்கினார். பெரும்பாலானவை பிழைப்பதில்லை. பிழைப்பவை ஒவ்வொன்றும் வேறு வேறு மரபணுக் கலவை.

ஒட்டியபின் அடுத்த எதிரி கடற்பாசி. பவளம் மில்லிமீட்டர் கணக்கில் ஏறும்போது பாசி சில வாரங்களிலேயே மூடிவிடும். குருசடைத் தீவுப் பக்கம், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி உயிருள்ள பவளத்தையே போர்த்தியிருந்தது 2008-ல் பதிவானது. ஆட்களை இறக்கிக் கையால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. சாதாரண நாட்களில் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்பவை கிளிமீனும் ஓராவும் கடல் முள்ளெலிகளும். அவற்றை வலைபோட்டு அள்ளிவிட்டு அங்கே பவளம் நடுவதில் அர்த்தமில்லை.

கடைசியில் வெப்பம். தண்ணீர் சூடேறும்போது நுண்பாசிகளின் ஒளிச்சேர்க்கை தடம்புரண்டு, திசுவைப் புண்ணாக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருட்கள் பெருகுகின்றன. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. வெள்ளை எலும்பு தெரிகிறது. வெளிறிய பவளம் செத்த பவளமல்ல. சில வாரங்களுக்குள் தண்ணீர் குளிர்ந்தால் பாசி திரும்ப வரும். குளிராவிட்டால் பட்டினி. ஆபத்தை அளக்க ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்துச் சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் நீடித்தால் ஒரு புள்ளி. கடந்த 12 வாரங்களின் புள்ளிகளைக் கூட்டுவார்கள். 4-ஐத் தொட்டால் வெளிறல், 8-ஐத் தாண்டினால் பெருமளவு சாவு.

2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதிகம் அடிபட்டவை வேகமாக வளரும் அதே கிளைப் பவளங்கள். ஃபுளோரிடாவில் 2023 கோடை இன்னும் மோசம். பல ஆண்டுகளாக வளர்த்து நட்ட பவளங்கள் சில வாரங்களில் போயின. நாற்றங்காலில் இருந்தவற்றை அவசர அவசரமாகக் கரைத் தொட்டிகளுக்கு மாற்றினார்கள். உலகெங்குமுள்ள மீட்புத் திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், சுமார் 60 விழுக்காடு திட்டங்கள் நட்டதை 18 மாதங்களுக்கும் குறைவாகவே கண்காணித்திருந்தன. அதாவது, ஒரு மோசமான கோடையைக்கூடச் சந்திக்காமலேயே வெற்றிக் கணக்கு எழுதியவை பல. "எத்தனை நட்டீர்கள்" என்பதற்குப் பதிலாக "எத்தனை ஆண்டு பார்த்தீர்கள்" என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

வெப்பத்தையே எதிர்கொள்ளும் முயற்சியும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் மடலின் வான் ஓப்பன் குழுவினர் நுண்பாசிகளை ஆய்வகத்தில் நான்கு ஆண்டுகள் சூடான நீரிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அப்படிப் பழகிய 10 வகைகளைப் பவள இளவுயிரிகளுக்குள் ஏற்றியபோது, 3 வகைகள் அவற்றின் வெப்பத் தாக்குப்பிடிப்பைக் கூட்டின. மற்ற ஏழும் தனியாகக் குடுவையில் இருந்தபோது சூட்டைத் தாங்கின. பவளத்துக்குள் போனதும் அந்தத் திறனை அதற்குக் கொடுக்கவில்லை.